கப்பலில் வந்த ஆப்பிளுக்கு அடுப்பில் மறுவாழ்வு

லம்பா லைன் சமையலறைகளில் மூன்றே நாளில் மாவாகிவிடும் ஆப்பிளைத் தூக்கி எறியத் தேவையில்லை. கொஞ்சம் வெண்ணெய், ஒரு பிடி மாவு, உள்ளூர்ப் பட்டை, தேங்காய், முக்கால் மணி நேரச் சூடு. இவ்வளவும் இருந்தால் அதுவே விருந்துப் பலகாரம்.

அந்தமானில் விளையாத பொருள்களின் பட்டியல் நீளமானது. அதில் ஆப்பிளுக்குத் தனி இடம் உண்டு. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் கப்பலேறித்தான் வருகின்றன என்றாலும் அவை பயணத்தைத் தாங்கும். ஆப்பிள் தாங்குவதுபோல நடிக்கும். பெட்டியைத் திறக்கும்போது சிவப்பும் பளபளப்புமாகச் சிரிக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துக் கடித்தால் வாயில் ரவையாக உதிரும்.

போர்ட் பிளேர் நகரில் - மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய அதே நகரில் - விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்புப் பகுதி லம்பா லைன். வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. இங்கே எந்த வீட்டிலும் ஆப்பிள் அன்றாடப் பழம் அல்ல. காய்ச்சலில் படுத்தவருக்கு, பிரசவமான பெண்ணுக்கு, பூஜைத் தட்டுக்கு, விருந்தாளியாகப் போகும் வீட்டுக்கு என்று கணக்குப் பார்த்து வாங்கும் பழம். வாழையைப்போல அள்ளிக்கொண்டு வர முடியாது. மலைத் தோட்டத்து விலையுடன் லாரி வாடகை, மண்டி கமிஷன், கப்பல் சரக்குக் கட்டணம், வழியில் அழுகியதற்கான நஷ்டம் அத்தனையும் கடைக்காரர் சொல்லும் விலைக்குள் அடங்கியிருக்கும்.

அவ்வளவு கொடுத்து வாங்கியதில் பாதி சாப்பிட முடியாமல் போனால்? பெரும்பாலான வீடுகளில் அதற்குக் குப்பைத் தொட்டிதான் முடிவு. அதற்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கிரம்பிள் என்று பெயர் வைத்த, ஒருமுறை பார்த்தாலே கற்றுக்கொள்ளக்கூடிய, சுட்ட ஆப்பிள் இனிப்பு. கேக் செய்யத் தெரிய வேண்டாம். முட்டை வேண்டாம். பேக்கிங் பவுடர்கூட வேண்டாம். முக்கியமாக, நல்ல ஆப்பிள் வேண்டாம்.

மலையிலிருந்து தீவுக்கு

தமிழர்கள் இன்று ஆப்பிள் என்று சொல்லும் பழத்தில் பெரும் பகுதி காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் விளைகிறது. நாட்டின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ முக்கால் பங்கு காஷ்மீருடையது. இமாசலத்து ஆப்பிளுக்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு உண்டு. பிலடெல்பியாவில் 1882-ல் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய 1904-ல் இந்தியா வந்தார். சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் மலையில் குடியேறி, உள்ளூர்ப் பெண்ணை மணந்து, அமெரிக்க டெலிஷியஸ் ரக ஆப்பிள் கன்றுகளை வரவழைத்து நட்டார். அந்தச் சிவப்பு ரகம்தான் மலைவாசிகளின் தலையெழுத்தை மாற்றியது. காந்தியின் இயக்கத்தில் சேர்ந்து 1921-ல் சிறையும் சென்ற ஸ்டோக்ஸ், 1932-ல் இந்துவாகிச் சத்தியானந்தர் ஆனார். 1946-ல் மறைந்தார்.

அவர் பரப்பிய டெலிஷியஸ் குடும்பத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அழகு அதிகம், ஆயுள் குறைவு. குளிர் இல்லாத இடத்தில் சீக்கிரம் மாவாகிவிடும். சிம்லா மலையிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே சுமார் 2,500 கிலோமீட்டர். கோயம்பேடு சந்தையில் கை மாறி, துறைமுகம் போய், அங்கிருந்து கடலில் இன்னும் சுமார் 1,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் வந்து சேர இரண்டரை முதல் மூன்று நாள் ஆகும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் அந்தக் கணக்கும் தப்பும். ஹேடோ துறையில் இறங்கி, அபர்தீன் பஜாருக்கோ ஜங்லிகாட் சந்தைக்கோ வந்து, அங்கிருந்து லம்பா லைன் வீட்டுக்கு வரும்போது அந்தப் பழம் பார்க்காத தட்பவெப்பம் இல்லை.

அறுவடைக் காலம் ஜூலையில் தொடங்கி நவம்பர்வரை. அதற்குப் பிறகு கடைக்கு வருவது குளிர்பதனக் கிடங்குகளில் காத்திருந்த பழம். ஆக்சிஜனைக் குறைத்து, கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தி, உறைநிலைக்குச் சற்று மேலே வைக்கும் கிடங்குகளில் ஆப்பிள் மாதக்கணக்கில் அரைத் தூக்கத்தில் இருக்கும். வெளியே எடுத்ததும் தூக்கம் கலைந்து, விட்டதைப் பிடிக்கும் வேகத்தில் முதிரத் தொடங்கும். 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள தீவில் அந்த வேகம் இன்னும் கூடும்.

மாவாகும் மர்மம்

பறித்த பிறகும் ஆப்பிள் சுவாசிக்கிறது. எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளியிட்டு, அந்த வாயுவாலேயே மேலும் பழுக்கிறது. ஆப்பிள் வைத்த கூடையில் வாழைக்காய் சீக்கிரம் பழுப்பதும் இதனால்தான். பழுக்கப் பழுக்க, செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைகிறது. ஆப்பிளுக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலமும் சுவாசத்தில் செலவாகிறது.

புது ஆப்பிளைக் கடிக்கும்போது செல்கள் உடைந்து சாறு தெறிக்கும். மாவான ஆப்பிளைக் கடிக்கும்போது செல்கள் உடைவதில்லை. பசை போய்விட்டதால் முழுதாகவே ஒன்றைவிட்டு ஒன்று நழுவிவிடுகின்றன. அதனால்தான் வாய்க்குள் உலர்ந்த ரவைபோலத் தோன்றுகிறது. உண்மையில் அந்தப் பழத்திலும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். சாறு வற்றவில்லை, செல்லுக்குள் பூட்டிக்கிடக்கிறது.

சூடு அந்தப் பூட்டைத் திறக்கிறது. 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே செல்சவ்வுகள் சிதைந்து சாறு வெளியே வரத் தொடங்கும். மிச்சமிருக்கும் பெக்டின் அந்தச் சாற்றில் கரைந்து லேசான ஜாம் பதத்தைத் தரும். கடித்துத் தின்ன லாயக்கற்ற ஆப்பிள் சுட்டால் சுவைப்பதன் ரகசியம் இதுதான்.

இந்த விஞ்ஞானத்திலிருந்து சமையலுக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, நாள்பட்ட ஆப்பிளில் புளிப்பு குறைந்திருக்கும். ஆகவே எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகவும் சர்க்கரையைக் கஞ்சத்தனமாகவும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் உள்ள சர்க்கரை அளவு அங்குள்ள புளிப்பு ஆப்பிளுக்குப் பொருந்தும். அதை அப்படியே லம்பா லைனில் போட்டால் திகட்டும். இரண்டாவது, மாவான ஆப்பிள் சீக்கிரம் குழையும். துண்டுகளைப் பெரிதாக நறுக்குவது நல்லது.

ராஸ் தீவின் அடுமனை

அந்தமானுக்கு அடுமனை புதிதல்ல. போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவு - 2018 டிசம்பரிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு - 1858 முதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆங்கிலேயரின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்தது. தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், நடன அரங்கு, நீச்சல் குளம் ஆகியவற்றோடு அங்கே ஒரு ரொட்டி அடுமனையும் இருந்தது. ஆலமர வேர்கள் பின்னிய அதன் சுவர்களைச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் பார்க்கலாம். கைதிகளின் உழைப்பில் எழுந்த தீவு அது. அடுமனையின் சூடு யாருக்காக என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1941 ஜூன் மாத நிலநடுக்கம் ராஸ் தீவைக் குலுக்கியது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். கட்டாய உழைப்பைக் கொண்டு லம்பா லைனில் விமான ஓடுதளம் போட்டது அந்த ஆட்சியில்தான். போர் முற்றியபோது கப்பல்கள் வருவது நின்றது. தீவில் உணவுக்கே பஞ்சம் வந்தது. கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மண் பட்டு அறிந்திருக்கிறது.

கிரம்பிளின் கதையும் கிட்டத்தட்ட அதே ஆண்டுகளைச் சேர்ந்தது. 1940 ஜனவரியில் பிரிட்டனில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடு 1953 வரையிலும் வெண்ணெய்க் கட்டுப்பாடு 1954 வரையிலும் நீடித்தது. பழத்தை அடியிலும் மேலும் மாவுத் தகட்டால் மூடிச் சுடும் பை என்ற பலகாரத்துக்கு நிறைய வெண்ணெய் வேண்டும். தகட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் மாவையும் கொஞ்சம் கொழுப்பையும் பிசிறி, பழத்தின் மேல் தூவிச் சுட்டால் பாதிச் செலவில் முடிந்துவிடும். கிரம்பிள் ஆங்கிலேய வீடுகளில் பரவலானது அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் என்பது பொதுவான கருத்து. ஆக, இது பணக்கார மேஜையில் பிறந்த இனிப்பு அல்ல. இல்லாமையைச் சமாளித்த இல்லத்தரசிகளின் உத்தி.

தமிழில் இதற்குப் பெயர் இல்லை. ஆப்பிளுக்கே அரத்திப்பழம், குமளிப்பழம் என்று தனித்தமிழ் ஆர்வலர்கள் சூட்டிய பெயர்கள் அகராதியோடு நின்றுவிட்டன. பேக்கரியை அடுமனை என்றும், இலங்கையில் வெதுப்பகம் என்றும் எழுதுகிறார்கள். பலகாரத்தை உதிரி என்றோ பிசிறல் என்றோ சொன்னால் தமிழ்ச் சமையலறைக்கு உடனே புரியும். புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்த கைக்கு இது பழகிய வேலை.

தேவையான பொருள்கள்

இந்த அளவு ஆறு பேருக்குப் போதும். நடுத்தர ஆப்பிள் ஐந்து, அதாவது சுமார் 750 கிராம். எலுமிச்சைச் சாறு ஒரு மேஜைக் கரண்டி. சர்க்கரை இரண்டு மேஜைக் கரண்டி. பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை.

மேலே தூவுவதற்கு: மைதா அல்லது கோதுமை மாவு 100 கிராம், சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 60 கிராம், துருவிய தேங்காய் அரைக் கப்.

ஆங்கிலேயச் செய்முறையில் தேங்காய் கிடையாது. ஓட்ஸோ பாதாமோ சேர்ப்பார்கள். தீவில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை என்பதால் அதைச் சேர்ப்பது சிக்கனமும்கூட, சுவையும்கூட. ஒரே நிபந்தனை, வெறும் வாணலியில் ஈரம் போக இளஞ்சிவப்பாக வறுத்துச் சேர்க்க வேண்டும். பச்சையாகப் போட்டால் மேல்பகுதி மொறுமொறுப்பாகாது.

பட்டைக்கும் தீவுக்கும் உறவு உண்டு. போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட் அரசுப் பண்ணையில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், மிளகு எல்லாம் வளர்கின்றன. கராச்சர்மாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் நறுமணப் பயிர்களில் ஆய்வு செய்கிறது. காகிதம்போல மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருண்டிருந்தால் அது அசல் இலவங்கப்பட்டை. தடித்த, ஒற்றைச் சுருளான முரட்டுப் பட்டை காசியா என்ற வேறு இனம். பிரியாணிக்கு எதுவும் போடலாம். இனிப்புக்கு அசல் பட்டையின் மென்மணமே பொருந்தும்.

செய்முறை

ஆப்பிள்களை வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவவும். தோலில் பூசிய மெழுகு போய்விடும். நாள்பட்ட ஆப்பிளின் தோல் தடித்திருந்தால் சீவிவிடலாம். நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். நடுத்தண்டையும் விதைகளையும் நீக்கி, கட்டை விரல் அகலத் துண்டுகளாக நறுக்கவும். வெட்டிய துண்டு காற்றுப் பட்டால் கறுக்கும். உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் கறுப்பதும் நிற்கும், குறைந்த புளிப்பும் ஈடாகும். சர்க்கரை, பட்டைத் தூள், உப்பு சேர்த்துக் கலந்து, எட்டு அங்குல அகலமுள்ள கண்ணாடி அல்லது உலோகத் தட்டில் பரப்பவும். சுட்டதும் பழம் கணிசமாக இறங்கிவிடும். அதனால் முதலில் தட்டு நிறைந்து தெரிந்தால் கவலை வேண்டாம்.

இனி மேல்மாவு. இங்கேதான் தீவின் வெக்கை குறுக்கிடும். வெண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தால்தான் மாவு உதிரி உதிரியாக வரும். உருகினால் பசைபோல ஒட்டும். ஆகவே வெண்ணெயைக் கடைசி நிமிடம்வரை பிரிட்ஜில் வைத்து, சிறு துண்டுகளாக வெட்டி, மாவிலும் சர்க்கரையிலும் போட்டு விரல் நுனியால் மட்டும் பிசிறவும். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூட்டிலேயே வெண்ணெய் இளகிவிடும். ரொட்டித் தூள்போலவும் ஆங்காங்கே பட்டாணி அளவுக் கட்டிகளாகவும் வந்ததும் நிறுத்தி, வறுத்து ஆறிய தேங்காயைக் கலக்கவும். இளகிவிட்டதாகத் தோன்றினால் கிண்ணத்தோடு பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும். வெண்ணெய் இல்லாத வீட்டில் உறைந்த நெய்யைப் பயன்படுத்தலாம். நெய்யில் தண்ணீர் இல்லாததால் 50 கிராம் போதும்.

மாவைப் பழத்தின் மேல் தூவவும். அழுத்த வேண்டாம். இடைவெளி இருந்தால்தான் ஆவி வெளியேறும். 180 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 35 முதல் 40 நிமிடம். ஓரங்களில் சாறு கொப்பளித்து, மேல்பகுதி பொன்னிறமானால் வெந்துவிட்டது. வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஆற விடவும். கொதிக்கும் சர்க்கரைச் சாறு நாக்கைப் பொசுக்கும் என்பது ஒரு காரணம். ஆறும்போதுதான் சாறு கெட்டிப்படும் என்பது இன்னொன்று.

ஒரு பங்கில் சுமார் 260 கலோரி இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்த இனிப்பு என்று சொல்ல முடியாது. பழத்தில் சேர்க்கும் சர்க்கரையை அறவே தவிர்த்தாலும் சுவை கெடாது. மேல்மாவுச் சர்க்கரையைக் குறைத்தால் மொறுமொறுப்பு குறையும்.

ஓவன் இல்லாத வீட்டில்

சிறிய மின்சார ஓவன் 1,200 வாட் அளவு இழுக்கும். 15 ஆம்பியர் பிளக் வேண்டும். முன்சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒருமுறை சுட ஒரு யூனிட் அளவுக்கு மின்சாரம் செலவாகும். தீவில் இது யோசிக்க வேண்டிய விஷயம். அந்தமான், நாட்டின் மின் தொகுப்போடு இணைக்கப்படவில்லை. மின்சாரத்தின் பெரும் பகுதி, கப்பலில் வரும் டீசலை எரித்து எடுப்பது. நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் கொஞ்சம் கை கொடுக்கிறது.

ஓவனை நம்பாமலும் இதைச் செய்ய முடியும். தமிழ்நாட்டில் ஓவன் அபூர்வமாக இருந்த காலத்தில் குக்கரில் கேக் சுட்ட அதே வித்தைதான். பழைய குக்கர் அல்லது அடிகனமான பெரிய பாத்திரம். அடியில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல் உப்பு. அதன்மேல் ஒரு ஸ்டாண்டு. குக்கராக இருந்தால் மூடியின் கேஸ்கட்டையும் மேலே போடும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். இது ஆவியில் வேகவைக்கும் முறையல்ல. உள்ளே தண்ணீரே கிடையாது, அழுத்தமும் சேரக் கூடாது. மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம் விடவும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. சூடு கீழிருந்து வருவதால் பழம் நன்றாக வேகும், மேல்மாவு வெளுத்தே இருக்கும். மூடியில் திரளும் ஆவி சொட்டி அதை நமநமக்கவும் வைக்கும். பரிகாரம் எளிது. பழத்தை மட்டும் குக்கரில் சுட்டுக்கொண்டு, பிசிறிய மாவை வாணலியில் சிறு தீயில் தனியாக வறுத்து எடுத்து, பரிமாறும் நேரத்தில் மேலே தூவிவிட வேண்டும். இடைவிடாமல் கிளற வேண்டும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சிவந்து மணக்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் ஊரில் ஓவனில் செய்பவர்களுக்கும் இந்த உத்தி பயன்படும். சுட்ட கிரம்பிளை இரவு முழுக்க வைத்தால் மேல்பகுதி ஈரம் இழுத்துக்கொள்ளும். வறுத்த மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வைத்தால் ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

முழு ஆப்பிளாகவும் சுடலாம்

ஆப்பிள் இன்னும் கெட்டியாக இருந்தால் அதைவிட எளிய வழி உண்டு. பழத்தை நறுக்காமல் நடுத்தண்டை மட்டும் மேலிருந்து குடைந்தெடுக்க வேண்டும். அடிப்பகுதி ஓட்டையாகக் கூடாது. குழியில் பொடித்த வெல்லம் ஒரு தேக்கரண்டி, உலர் திராட்சை ஏழெட்டு, கொஞ்சம் பட்டைத் தூள், சுண்டைக்காய் அளவு வெண்ணெய் வைத்து அடைக்கவும். பழத்தின் இடுப்பைச் சுற்றிக் கத்தி முனையால் தோலை மட்டும் ஒரு கோடு கீறினால் சூட்டில் வெடிக்காது. தட்டில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி 180 டிகிரியில் 40 நிமிடம். தட்டில் தேங்கும் வெல்லச் சாற்றை இடையில் இரண்டு முறை பழத்தின் மேல் ஊற்றினால் மினுமினுக்கும்.

இதற்குப் பச்சை நிற கிரானி ஸ்மித், அல்லது மஞ்சள் நிற கோல்டன் டெலிஷியஸ் ஏற்றது. கிரானி ஸ்மித் என்பது ஒரு உண்மையான பாட்டி. சிட்னிக்கு அருகே மரியா ஆன் ஸ்மித் என்பவரின் தோட்டத்தில் 1868 வாக்கில் தானாக முளைத்த கன்று அது. ஆங்கிலேயர் சமையலுக்கென்றே வைத்திருக்கும் பிராம்லி ரகமும், 1809-ல் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்ததுதான். பெரிய ரகங்கள் பலவும் இப்படி வீட்டுக் கொல்லையில் பிறந்தவை.

எதைச் சுடக் கூடாது

கெட்டுப்போகும் ஆப்பிளை மீட்கும் பலகாரம் என்றதும் கெட்டுப்போனதையும் போடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. சுருங்கிய தோல் பரவாயில்லை. எடையில் 5 சதவீதம் அளவு நீர் குறைந்தாலே தோல் சுருங்கும், அதனால் கேடில்லை. இடிபட்டுப் பழுப்பான இடத்தையும் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். மாவானது நிச்சயம் பரவாயில்லை.

ஆனால் பூஞ்சணம் பிடித்து, மெத்தென்று அழுகி, புளித்த வாடை வரும் பழத்தை முழுதாக எறிந்துவிட வேண்டும். அழுகல் பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். அது கண்ணுக்குத் தெரியும் அழுகலைத் தாண்டியும் பரவியிருக்கலாம். சுட்டாலும் முழுமையாக அழிவதில்லை. அழுகிய பழத்தை மற்றவற்றோடு ஒரே கூடையில் வைத்தால் அவற்றுக்கும் பரவும். வாங்கி வந்த அன்றே பிரித்துப் பார்த்து, கெட்டியானவற்றை ஒரு பையில் போட்டுப் பிரிட்ஜின் காய்கறித் தட்டிலும், இடிபட்டவற்றை முதலில் சுடுவதற்கும் ஒதுக்குவது நல்லது.

கப்பல் தாமதமானால்

ஆப்பிளே கிடைக்காத வாரங்களும் தீவில் உண்டு. அப்போது இதே மேல்மாவுக்கு அடியில் உள்ளூர்ப் பழங்கள் போகும். அன்னாசி என்றால் துண்டுகளை முதலில் வாணலியில் சாறு சுண்ட வதக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மாவு ஊறிவிடும். கனிந்த வாழைப்பழம் என்றால் சர்க்கரை வேண்டாம், எலுமிச்சை கூடுதலாக வேண்டும், நேரம் 20 நிமிடம் போதும். பப்பாளி தனியாகச் சப்பென்றிருக்கும். அன்னாசியோடு சேர்த்தால் எடுபடும்.

இருந்தாலும் ஆப்பிளுக்கு இந்த வீடுகளில் உள்ள மதிப்பு வேறு. நோயாளியின் தலைமாட்டில் வைக்கப்பட்டு, அவர் பாதி தின்று மீதியை ஒதுக்கி, பிள்ளைகளும் தொடாமல், எறியவும் மனம் வராமல் கிடக்கும் நாலு பழத்துக்காகத்தான் இந்தப் பலகாரம். அதன் விலையில் பாதிக்கு மேல் கடலுக்கும் சாலைக்கும் கிடங்குக்கும் கொடுத்த கூலி. எறிந்தால் அத்தனையும் வீண். 60 கிராம் வெண்ணெயும் ஒரு பிடி மாவும் அந்த நஷ்டத்தை ஆறு பேருக்கான இனிப்பாக மாற்றிவிடுகின்றன. பண்டிகைக்குக் காத்திருக்க வேண்டாம். பழம் சுருங்கத் தொடங்கும் நாளே நல்ல நாள்.